பச்சைக் கோடு

தயாளினி பயந்துபோயிருக்கிறாள் என்ற செய்தி முதலில் அவளுடைய கணவனின் போனுக்குத்தான் வந்தது.

அவள் குசினியில் நின்று உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். மத்தியான நேரம்தான், ஆனால் யன்னலுக்கு வெளியே இருட்டு. நோர்வேயின் வடக்குக் கரையில் இருக்கும் ஹெல்லவிக் என்ற அந்தத் துறைமுக ஊரில் மார்கழி பிறந்துவிட்டால் சூரியன் கடலுக்கு மேலே தலைகாட்டாது. மேல்மாடியிலிருந்து படியிறங்கி வந்த குகநேசன் போனைக் கையில் பிடித்தபடி குசினி வாசலில் நின்றான்.

"ஏன் பயப்பிடுறாய்?" என்று கேட்டான்.

"நான் பயப்பிடேல்லையே."

"பொய் சொல்லாதை. இஞ்ச பார்." போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு ஏறியும் இறங்கியும் துடித்துக்கொண்டிருந்தது. "நான் இன்னும் ஒண்டும் செய்யேல்லை. படியில இறங்கி வாற சத்தத்துக்கே இப்பிடிச் சிவக்குது. என்னத்தை ஒளிக்கிறாய்?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கோடு இன்னும் மேலே ஏறியது. அவன் அதையும் பார்த்தான்.

அது காய்ச்சலின் மூன்றாவது குளிர்காலம். நுரையீரலில் இறங்கிச் சில நாட்களுக்குள் ஆளைக் கொண்டுபோய்விடும் அந்த நோயை எல்லாரும் வடக்குக் காய்ச்சல் என்றார்கள். ஊரை மறுபடியும் அடைத்துவிட்டார்கள். மீன் தொழிற்சாலை பூட்டிக் கிடந்தது. ஊர்ச் சுகாதார நிலையம் வீட்டுக்கு வீடு கைப்பட்டைகளை அனுப்பியிருந்தது. உடம்புச் சூட்டையும் மூச்சையும் நாடியையும் அவை ஓயாமல் அளந்தன. குளிக்கும்போதும் கழற்ற முடியாது, கழற்றினால் அபராதம். முதல் குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டு மனம் உடைந்து சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதனால் பட்டையைச் செய்தவர்கள் இந்த முறை இன்னொரு வசதியையும் சேர்த்திருந்தார்கள். நாடி துடிக்கிற விதத்தை வைத்து ஒருவருடைய மனநிலையை அது கண்டுபிடிக்கும். அமைதியாக இருந்தால் பச்சைக் கோடு, கலங்கினால் சிவப்பு. சிவந்தால் வீட்டுப் பொறுப்பாளருக்குச் செய்தி போகும். "உங்கள் வீட்டில் ஒருவர் கலக்கமாக இருக்கிறார். அருகில் சென்று அன்பாகப் பேசுங்கள்."

நல்ல மனதோடுதான் அதை எழுதியிருந்தார்கள். வீட்டுப் பொறுப்பாளர் யார் என்று கேட்டபோது குகநேசன் தன் பெயரைக் கொடுத்தான். வீடு அவன் பெயரில் இருந்தது. தயாளினியின் விசாவும் அவனுடைய மனைவி என்ற ஒரே காரணத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து அவள் வந்து நான்கு வருடம். வந்த அடுத்த மாதமே முதல் அடி விழுந்தது. ஊருக்குள் அவன் நல்ல பெயர் எடுத்தவன், தொழிற்சாலையில் மேற்பார்வையாளன், தமிழ்ச் சங்கத்தில் பொருளாளர். "குகன் அண்ணை போல ஒரு மனிசன் கிடைக்குமோ" என்று அவளிடமே சொன்னவர்கள் உண்டு. முன்பெல்லாம் அவன் வேலைக்குப் போய்விடுவான். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அவளுக்கு உடம்பு லேசாகும். அந்த நேரத்தில் அவள் பிள்ளையோடு விளையாடினாள், மொழி வகுப்புக்குப் போனாள், சும்மா இருந்து அழுதாள். இப்போது அவன் எந்த நேரமும் வீட்டில் இருந்தான். அதையும் எப்படியோ சமாளித்திருப்பாள். அவளுக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாமல் இருந்தது, அதுதான் அவளுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே இடம். அதற்குள்ளும் இப்போது அவன் வந்துவிட்டான்.

அன்றைக்குப் பிறகு அவனுக்கு அது ஒரு வேலையாகிப் போனது. சத்தமில்லாமல் வந்து அவளுக்குப் பின்னால் நிற்பான். போனைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்பான்.

"காலமை ஆரோட கதைச்சனி?"

"அம்மாவோட."

"என்ன சொன்னனி?"

"ஒண்டும் சொல்லேல்லை. சுகமா இருக்கிறம் எண்டுதான்..."

"சிவக்குது. பொய்."

பயத்தையும் பொய்யையும் அந்தப் பட்டைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அவனும் பிரித்துப் பார்க்க விரும்பவில்லை. சிவந்தால் அடித்தான். அடித்தால் சிவந்தது.

கிழமைக்கு ஒருமுறை சுகாதார நிலையத்திலிருந்து வீடியோவில் கூப்பிடுவார்கள். தமிழ்க் குடும்பங்களையும் வேறு சில வெளிநாட்டுக் குடும்பங்களையும் பார்க்க சாம்பவி என்ற தாதி இருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது. அவளுடைய தமிழ் நோர்வேக்காரர்களின் ராகத்தில் ஏறி இறங்கும். அழைப்பு வரும்போது குகநேசன் தயாளினிக்குப் பக்கத்தில் சோபாவில் வந்து இருந்துகொண்டு, மூன்று வயது ஆகப்போகிற மகள் ஆரணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வான்.

"அக்கா, உங்கட கோடு நெடுகச் சிவப்பா இருக்குது. ஏதும் பிரச்சினையோ?" என்று சாம்பவி கேட்டாள்.

தயாளினி வாயைத் திறப்பதற்குள் குகநேசன் சிரித்துக்கொண்டு சொன்னான்: "இவ கொஞ்சம் பயந்த சுபாவம் தங்கச்சி. ஊர்ல தாயைத் தனிய விட்டிட்டு வந்திட்டா. அந்த யோசினைதான். தயா, நீர் பயப்பிடாதையும் எண்டு எத்தினை தரம் சொல்லியிருக்கிறன்?"

ஆட்களுக்கு முன்னால் அவள் அவனுக்கு 'நீர்'. அழைப்பு முடிந்தால் 'நீ'.

"ஓம். அம்மாவின்ர யோசினைதான்" என்றாள் தயாளினி.

சாம்பவி திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தாள். உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று தயாளினிக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் இந்தச் சின்ன ஊரில் இருப்பது முப்பது தமிழ்க் குடும்பங்கள். இவள் யாரோ ஒருவருடைய மகள். அந்த யாரோ குகநேசனோடு சங்கத்தில் இருப்பவராகத்தான் இருப்பார். சொல்லும் வார்த்தை பின்னேரத்துக்குள் சுற்றி வந்து அவன் காதில் விழும்.

திரை அணைந்ததும் அவன் ஆரணியைக் கீழே இறக்கி விட்டான். "என்ர பேரை நாறடிக்கிறதுக்கெண்டே சிவக்கிறாய். அந்தப் பெட்டை நாலு பேருக்குச் சொன்னால் நான் வெளியில தலைகாட்டுறேல்லையோ? இனிச் சிவப்பு வரக்கூடாது. விளங்குதோ?"

பயப்படுகிற ஒருத்திக்குப் பயப்படாதே என்று கட்டளை போட்டால் அவள் என்ன செய்வாள்? பயந்துவிடுவேனோ என்று பயந்தாள். மூச்சை மெல்ல விட்டுப் பார்த்தாள். மனதுக்குள் தேவாரம் சொல்லிப் பார்த்தாள். அவனுடைய செருப்புச் சத்தம் கேட்டதும் எல்லாம் சிதறிப்போகும்.

வழி தானாகத்தான் கிடைத்தது. ஒருநாள் அவன் அவளுடைய தலைமயிரைப் பிடித்துக் குசினித் தொட்டியோடு சேர்த்து அழுத்தியபோது, தண்ணீர் போகிற துவாரம் கண்ணுக்கு நேரே தெரிந்தது. உருளைக்கிழங்குத் தோல் ஒன்று அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவன் குரல் தூரத்தில் யாரோ பேசுவதைப் போலானது. வலி இருந்தது, ஆனால் அது வேறொருத்தியின் வலி. கொஞ்ச நேரத்தில் அவன் பிடியை விட்டான். போனைப் பார்த்தான். கோடு பச்சையாக இருந்தது.

"இப்பதான் நீ மனிசி" என்றான்.

அன்றிலிருந்து அவள் அதைப் பழகினாள். அவன் வந்தால் அவள் போய்விடுவாள். உடம்பு நின்று கறியைக் கிளறும், கேட்டதற்குப் பதில் சொல்லும். அவள் மட்டும் அதற்குள் இருக்கமாட்டாள். கிழமைகள் போகப் போக வெளியே போவது எளிதாகியது, திரும்பி வருவதுதான் கடினமாகியது. சோற்றில் உப்பிருக்கிறதா என்று தெரியவில்லை. குளிர்கிறதா என்று தெரியவில்லை. கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் தூக்கிவிட்டு, விரல்களில் கொப்புளம் எழும்பிய பிறகுதான் அது சுட்டிருக்க வேண்டும் என்று விளங்கியது.

ஒரு நாள் ஆரணி படியில் உருண்டு விழுந்து புருவம் கிழிந்துவிட்டது. இரத்தம் கண்ணுக்குள் வழிய அலறினாள். தயாளினி போய், துணியை நனைத்து, கோப்பை துடைப்பதைப் போல அந்த முகத்தைத் துடைத்தாள். அழுதுகொண்டிருந்த பிள்ளை சட்டென்று நிறுத்திவிட்டுத் தாயை அண்ணாந்து பார்த்தது. தெரியாத ஒரு மனுசியைப் பார்க்கிற பார்வை. என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படுகிறது என்று தயாளினி நினைத்தாள். அந்த நினைப்புக்கும் அவளுடைய கோடு அசையவில்லை.

பச்சை குகநேசனுக்கு வெகுநாள் சந்தோசம் தரவில்லை. அவள் தன்னை விட்டு எங்கோ போய்விடுகிறாள் என்று அவனுக்கு மெல்ல உறைத்தது.

"உனக்கு இப்ப என்னிலை பயமே இல்லையோ?" என்றான் ஒரு பின்னேரம். அறைந்தான். பச்சை. இன்னும் பலமாக அறைந்தான். பச்சை. அவன் முகத்தில் அப்போது வந்த யோசனையை அவள் கண்டாள். விளையாடிக்கொண்டிருந்த ஆரணியை அவன் மெதுவாகத் தூக்கினான், கொஞ்சுவதைப் போலத்தான் தூக்கினான். பல்கனிக் கதவைத் திறந்து, பிள்ளையை வெளியே பனியில் நிற்கவிட்டுக் கதவைச் சாத்தினான். பிள்ளையின் காலுக்கு மாட்டும் மேசுகூட இல்லை.

பிறகு கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு போனைப் பார்த்தான்.

"இப்ப பாப்பம்" என்றான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆரணி இரண்டு கையாலும் அடித்தாள். அவளுடைய வாய் திறந்து மூடியது, சத்தம் குறைவாகத்தான் கேட்டது. திரையில் பிள்ளையின் கோடு இரத்தச் சிவப்பாகத் துள்ளியது. அதற்கு மேலே தயாளினியின் கோடு ஆடாமல் அசையாமல் பச்சையாகக் கிடந்தது. அவளுக்கு விளங்கியது, தான் சிவந்தால் அவன் கதவைத் திறப்பான். சிவக்க வேண்டும். பயப்பட வேண்டும். பயந்து பழகிய உடம்பைக் கூப்பிட்டாள், அது வரவில்லை.

கடைசியில் கால்கள்தான் போயின. அவனைத் தோளால் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். அவனை அவள் தொட்டுத் தள்ளியது அதுவே முதல்தடவை. அதிர்ச்சியிலோ என்னவோ அவன் விட்டுவிட்டான். "நீ ஒரு பேய்" என்றான். பிள்ளையின் பாதங்களைத் தன் வயிற்றில் வைத்துப் பொத்திக்கொண்டு அவள் குளியலறைத் தரையில் இருந்தாள். அவன் சொன்னது சரிதானோ என்று இருந்தது.

அடுத்த நாள் முற்பகல், கிழமை முடியும் முன்பே சுகாதார நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது.

"ஊருக்குள்ள காய்ச்சல் கூடிப்போச்சு. எல்லாருக்கும் மூச்சுச் சோதினை செய்யவேணும்" என்றாள் சாம்பவி. "ஒவ்வொராளா, தனி அறையில, கதவைச் சாத்திப்போட்டு. பக்கத்தில ஆள் நிண்டால் பட்டை பிழையாக் காட்டும். முதல்ல அண்ணை வாங்கோ."

குகநேசன் முதலில் செய்தான். ஆழமாக மூச்சு விட்டு, இருமிக் காட்டி, "ஒண்டுமில்லைத்தானே தங்கச்சி?" என்று இரண்டு முறை கேட்டான். யாருக்கும் பயப்படாத அவன் இந்தக் காய்ச்சலுக்கு மட்டும் பயந்தான். அவனுடைய தமையனை முதல் குளிர்காலத்தில் அது கொண்டுபோயிருந்தது. பிறகு அழைப்பு ஓடிய டேப்லெட்டைத் தயாளினியின் கையில் கொடுத்து அறைக்குள் விட்டான். கதவின் கீழ் இடுக்கில் அவனுடைய நிழல் தெரிந்தது.

"மூச்சை நல்லா இழுங்கோ அக்கா" என்று சத்தமாகச் சொன்ன சாம்பவி, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் திரைக்கு முன்னால் பிடித்தாள். சின்னப்பிள்ளை எழுதினதைப் போலக் கோணலான எழுத்து. 'ஓம் என்டால் இருமுங்கொ.'

தயாளினி வாசித்தாள்.

"விடுங்கோ. மெல்ல விடுங்கோ." அடுத்த தாள். 'அவர் அடிகிறாரா?'

தயாளினி இருமவில்லை. இவள் யாருடைய மகள்? கதவுக்குக் கீழே நிழல் இடம் மாறியது.

"இன்னொருக்கா இழுங்கோ அக்கா. அவசரமில்லை." சாம்பவி மூன்றாவது தாளை எடுத்துப் பிடித்தாள். 'நான் ஒருதருக்கும் சொல்ல மாட்டன். அம்மாவுக்கும்.'

அந்தக் கடைசிச் சொல்லைத் தயாளினி இன்னொரு தரம் வாசித்தாள். இருமினாள்.

"நல்லது. பலமா."

'வெளியெ வர விருபமா?'

அவள் இருமினாள். இரண்டு முறை, மூன்று முறை. நிறுத்த முயன்றாள், நிற்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர இருமிக்கொண்டே இருந்தாள். கதவுக்கு வெளியே நின்ற நிழல் பின்னால் நகர்ந்து போனது.

மறுநாள் பட்டை அதிர்ந்தது. குகநேசனின் போனில் இதுவரை கேட்டிராத ஒரு மணி அடித்தது. அவன் வாசித்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"உனக்குக் காய்ச்சல். முப்பத்தொன்பதுக்கு மேல. கிட்ட வராதை. அறைக்குள்ள போ! போ!"

தயாளினி நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். சுடுகிறதா, குளிர்கிறதா? அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் குடியிருந்த அந்த உடம்பை எப்போதோ விட்டுப் போயாயிற்று, அங்கே இப்போது தீப்பிடித்திருக்கிறது என்று வேறு யாரோ வந்து சொல்கிறார்கள். நம்பத்தான் வேண்டும். நேற்று இருமிய இருமல் பொய்யில்லைப்போலும். செத்துப்போவோம் என்று நினைத்தாள், அது பெரிதாகத் தெரியவில்லை. அதற்குப் பின்னால் வந்த நினைப்புத்தான் அவளைக் கட்டிலில் நிமிர்ந்து இருக்கவைத்தது. பிள்ளை இவனோடு தனியே இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் சுகாதார வண்டி வந்தது. தலை முதல் கால் வரை மூடிய உடுப்போடு இரண்டு பேர் வாசலில் நின்று, அவளுடைய பெயரை மட்டும் வாசித்தார்கள். காய்ச்சல் வந்தவரைத் தனிமை விடுதிக்குக் கொண்டுபோக வேண்டும், மற்றவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும். அதுதான் விதி. ஆரணி படியடியில் நின்றாள். கூப்பிடவும் இல்லை, அழவும் இல்லை. அழாமல் இருக்கப் பழகியிருந்தாள்.

தயாளினி வாசற்படியில் நின்றாள். மொழி வகுப்பில் படித்த நோர்வே மொழி கொஞ்சம் மிச்சமிருந்தது. அவள் அந்த மொழி பேசி குகநேசன் கேட்டதேயில்லை.

"பிள்ளை இன்னும் என்னிடம் பால் குடிக்கிறாள்" என்று அந்த மொழியில் சொன்னாள்.

உள்ளே இருந்து குகநேசன் பாய்ந்தான். "அது பொய்! எப்பவோ பால் மறக்கடிச்சாச்சு!"

மூடிய உடுப்புக்காரர்கள் அவனைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். பால் குடிக்கிற பிள்ளை தாயோடு போகலாம் என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள்.

தயாளினி கணவன் பக்கம் திரும்பினாள். "மறக்கடிக்கேல்லை. நீங்கள் நித்திரை கொள்ளேக்கை குடுக்கிறனான். உங்களுக்குத் தெரியாது."

அவனுடைய கண் வழக்கம்போல போனுக்குப் போனது. அவள் அந்தத் தொட்டியை நினைத்தாள், துவாரத்தை நினைத்தாள், அதற்குள் இறங்கிப் போனாள். அவனுக்காகப் பழகிய வித்தையைத் தனக்கென்று செய்தது அதுதான் முதல்தடவை. போனில் சூடு காட்டுகிற இடம் எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே கோடு பச்சையாக ஓடியது.

அவன் அந்தப் பச்சையையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப இவளுக்கும் தொத்தியிருக்கும்" என்று முணுமுணுத்துவிட்டுப் பின்னால் போனான்.

தனிமை விடுதி துறைமுகத்துப் பக்கம் இருந்த ஒரு பழைய ஹோட்டல். மூன்றாம் மாடியில் நீளமான ஒரு கூடத்தில் கட்டில்கள் போட்டிருந்தார்கள். முகக்கவசம் தந்தார்கள். தயாளினி பிள்ளையைத் தனக்குத் தூரமாக, சுவர்ப்பக்கம் படுக்கவைத்துவிட்டு, நோய் தன்னை வந்து எடுத்துக்கொள்ளும் என்று காத்திருந்தாள். மூச்சு முட்டும் என்றார்கள், முட்டவில்லை. இருமலும் நின்றுவிட்டது. அப்போதுதான் அந்தக் கூடத்தின் அமைதியைக் கவனித்தாள். எட்டுப் பத்துக் கட்டில்கள் நிரம்பியிருந்தன. ஒருவரும் இருமவில்லை. எல்லாரும் பெண்கள். ஒருத்தியின் கழுத்தில் விரல்பட்ட தடம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இன்னொருத்தி கையைத் துணியில் கட்டித் தோளில் தூக்கியிருந்தாள். அதற்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்?

சாம்பவி வந்தபோது முகத்தில் கவசம் இல்லை. கட்டில் விளிம்பில் வந்து இருந்தாள்.

"கிட்ட வராதேங்கோ தங்கச்சி. எனக்கு..."

"உங்களுக்குக் காய்ச்சல் இல்லை அக்கா."

தயாளினியின் கை நெற்றிக்குப் போனது.

"பட்டை ஒழுங்கா வேலை செய்யுதோ எண்டு பாக்கிறதுக்கு, இஞ்ச இருந்து பொய்ச்சூடு அனுப்பலாம். அதைத்தான் அனுப்பினனான். ஆளை வீட்டை விட்டு உடனே எடுக்க எனக்கு வேற வழியில்லை. காய்ச்சல் எண்டால் ஒருத்தரும் மறிக்கமாட்டினம்." அவள் தணிந்த குரலில் கூடத்தைக் காட்டினாள். "இஞ்ச ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை. காய்ச்சல்காரர் கீழ்மாடியில."

"பொலிசுக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம். முதல்ல போன்ல கேப்பினம். அவர் பக்கத்தில இருப்பார். நீங்கள் 'ஒண்டுமில்லை' எண்டுதான் சொல்லுவீங்கள். இந்தக் குளிர்காலம் துவங்கேக்கை ஒரு அக்கா அப்பிடித்தான் சொன்னவ. அவவின்ர கோடும் சிவந்து சிவந்து இருந்து, பிறகு பச்சையானது. நான் சுகம் வந்திட்டுது எண்டு நினைச்சன். கடைசியில பெட்டியிலதான் வெளியில எடுத்தவை." சாம்பவி பட்டை கட்டிய தயாளினியின் கையைப் பார்த்தாள். "அதுக்குப் பிறகுதான் நான் சிவப்பைவிடப் பச்சையைக் கவனிக்கிறது. முந்தநாள் உங்கட பிள்ளை சிவந்த நேரம், நீங்கள் ஒரு துளிகூட அசையேல்லை. எனக்குக் கையெல்லாம் விறைச்சுப்போச்சு."

"விசா?" என்று கேட்டாள் தயாளினி. "அவர் என்னை அனுப்பிப்போடுவார்."

"அதுக்கும் வழி இருக்கு. வக்கீல் ஒருத்தர் நாளைக்குக் கதைப்பா. கொஞ்ச நாளைக்கு நீங்கள் நோயாளி. அவராலை இஞ்ச வரேலாது."

கொஞ்ச நாளைக்கு. அதற்குப் பிறகு என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தயாளினியின் விரல் நுனிகளில் முதலில் அது தொடங்கியது. பிறகு முழங்கை, தோள், பல். ஆறு கிழமையாக எங்கோ காத்துக்கிடந்த நடுக்கமெல்லாம் ஒன்றாக வந்து ஏறியது. அவள் பட்டையை மறு கையால் பொத்தி மறைத்தாள்.

"விடுங்கோ அக்கா" என்றாள் சாம்பவி. "இப்ப அது அவருக்குப் போகாது. பயப்பிடுங்கோ. இஞ்ச பயப்பிடலாம்."

அடுத்த நாள் மத்தியானம் கூடத்து மூலையில் இருந்த டிவியில் செய்தி போனது. ஹெல்லவிக்கில் நோயாளிகளின் எண்ணிக்கை மறுபடியும் கூடியிருப்பதால் ஊரடைப்பு இன்னும் மூன்று கிழமைக்கு நீள்கிறது என்றார்கள். எத்தனை பேர் கூடினார்கள் என்பதையும் சொன்னார்கள். தயாளினி கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தாள். அந்த எண்ணிக்கை அவர்கள்தான்.

மருந்துத் தட்டோடு வந்த சாம்பவியின் கையைப் பிடித்தாள். "எங்களாலயோ?"

சாம்பவியின் முகம் ஒரே நாளில் வயதாகிவிட்டதைப் போலிருந்தது. "ஓம்" என்றாள். "ஒராளை வெளியில எடுத்தால் மற்றவையளை இன்னும் கொஞ்ச நாள் உள்ளுக்க பூட்டுறன். அந்த வீடுகளிலயும் பச்சைக் கோடு இருக்கு. என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை அக்கா. பிடிபட்டால் என்ர வேலையும் போகும், வழியும் அடைபடும். அதுவரைக்கும் எடுத்துக்கொண்டுதான் இருப்பன்."

மூன்று கிழமை. பூட்டிய கதவுகளுக்குப் பின்னால், படியில் கேட்கும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு யார் யாரோ நிற்கிறார்கள். அவர்களுடைய முகம் தெரியவில்லை. ஆரணி தயாளினியின் மடியில் ஏறி இருந்து, நடுங்குகிற அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தாள்.

பின்னேரம் வண்டி இன்னொருத்தியைக் கொண்டுவந்தது. ஆபிரிக்காவின் எந்த நாட்டவளோ தெரியவில்லை, தலையைத் துணியால் மூடிய இளம் பெண். காலியாக இருந்த கடைசிக் கட்டிலில் அவளை இருத்திவிட்டுப் போனார்கள். சாம்பவி கீழ்மாடியில் இருந்தாள், வர நேரமாகும். அந்தப் பெண் முகக்கவசத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாகப்போகிறவளாகவே கண்ணை மூடி இருந்தாள்.

தயாளினி எழுந்து அவளிடம் போனாள். காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்த பெண் பதறிப் பின்னால் நகர்ந்தாள். வேண்டாம், கிட்ட வராதே என்று கையை ஆட்டினாள். என்னவோ ஒரு மொழியில் கெஞ்சினாள். தயாளினிக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. அவள் சொல்லக்கூடியது அந்தப் பெண்ணுக்கும் விளங்காது.

தயாளினி கட்டில் விளிம்பில் இருந்தாள். கைகள் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. காதுக்குப் பின்னால் இருந்த நாடாவைக் கழற்றி, முகக்கவசத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய் மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள்.